சீனவங்களுக்குக் குடுக்கிற மருந்து

ஜனவரி 7, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம். தலை வலிக்கிறது. கழுத்தைத் திருப்பினால் பின்பக்கம் பிடித்துக்கொள்கிறது. இரண்டு கண்ணும் சிவந்து கிடக்கின்றன. எங்கள் தாமான் குடியிருப்புக் கிளினிக்கில் இருக்கிற அந்தச் சின்ன டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தொற்றிக்கொள்ளும் கண்நோய், லீவு போடு என்று சொட்டு மருந்தை நீட்டிவிட்டார். நான் லீவு போட்டால் வேனை யார் ஓட்டுவது, அவரா வந்து ஓட்டுவார்?

தைப்பிங்கில் எத்தனை வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். ஒரு பிள்ளைக்கு ஒரு சிராய்ப்பு கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்வதில்லை. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டினேன். "பவளம் ஆன்ட்டி ரௌடி மாதிரி இருக்காங்க" என்று பின் சீட்டில் ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும்.

ஜனவரி 10

சீப்பு பட்டாலே மண்டைத்தோல் வலிக்கிறது. அம்மா எண்ணெய் வைக்க வந்தாள், தொடாதே என்று கத்திவிட்டேன். எண்பது வயதில் என்னிடம் திட்டு வாங்குகிறாள். வாங்கட்டும், அவள் மட்டும் என்னைத் திட்டாமலா வளர்த்தாள்.

வேன் இன்ஜினிலிருந்து ஒரு கீச்சொலி விடாமல் வருகிறது. வொர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். அந்த ஆள் காதை வைத்துக் கேட்டுவிட்டு ஒன்றும் இல்லை என்கிறான். ஒன்றும் இல்லாமலா எனக்கு வீடு வரைக்கும் கேட்கிறது? படுக்கும்போதுகூடக் கேட்கிறது. இந்தக் காலத்தில் யாருக்கும் தொழில் தெரியவில்லை. பிள்ளைகளும் வேண்டுமென்றே முணுமுணுவென்று பேசுகிறார்கள். வாயைத் திறந்து பேசுங்கள் என்று ஒரு சத்தம் போட்டேன்.

ஜனவரி 12

டைரி வாங்கின ஹமீது பாய் கடைக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். இந்த டைரியில் கோடெல்லாம் நெளிந்து நெளிந்து ஓடுகிறது. காசு வாங்கிக்கொண்டு இப்படியா அச்சடித்து விற்பது? "அக்கா, நேராத்தானே இருக்கு, நல்லா பாருங்கக்கா" என்கிறார் பாய். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பையனையும் சாட்சிக்குக் கூப்பிட்டார். அவனும் நேராக இருக்கிறது என்றான். ஆளுக்கு ஆள் ஒத்துப் பேசுகிறார்கள்.

வீட்டுக்கு வந்தால் வாசல் கேட்டுக் கம்பி வளைந்திருக்கிறது. என் வீட்டுக்காரர், இவர்தான் மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் இடித்திருப்பார். கேட்டால் இல்லை என்கிறார். கையுறை ஃபேக்டரியில் ராத்திரிக் காவல் முடிந்து தூக்கக் கலக்கத்தில் வருகிற மனுஷன், இடித்தது எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது. கம்பியைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். குற்றம் செய்தவர் பேசமாட்டார்.

ஜனவரி 15, பொங்கல்

வாசலில் கோலம் போட்டேன். அம்மா அதை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 16

வேனில் வருகிற தர்ஷினியை இறக்கிவிட்டு வேனைப் பின்னால் எடுத்தேன். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. நன்றாகப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. பள்ளிக்கூடக் காவலாளி பின்பக்கத்தைப் படபடவென்று தட்டிக் கத்தினார். இறங்கிப் போனால், சக்கரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலைப் பொறுக்கிக்கொண்டு நிற்கிறது அந்தப் பிள்ளை. மஞ்சள் போத்தல். பிள்ளையையும் தெரியவில்லை, போத்தலையும் தெரியவில்லை.

அங்கேயே நிறுத்தி, சாவியைக் காவலாளியிடம் கொடுத்து, இவருக்கு போன் போடச் சொன்னேன். இவர் வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். கையைப் பிடிக்க நான் என்ன குருடியா என்று கேட்டேன்.

ஜனவரி 17

பெரிய ஆஸ்பத்திரி. ஆத்திரத்தில் பேனா தாளைக் கிழிக்கிறது.

பதிவு கவுண்டரில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்ததும் சீனத்தில் ஆரம்பித்தாள். நான் மலாயில் பதில் சொன்னேன். அவள் மறுபடியும் சீனம். அடையாள அட்டையைப் பார்த்தாள், பவளக்கொடி, முனியாண்டி மகள், இந்தியர். அட்டையையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "உங்கள் அட்டையைக் கொடுங்கள்" என்றாள். "அது என்னுடையதுதான்" என்று தமிழில் கத்தினேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. பொட்டு வைத்து, தாலி போட்டு, சேலை கட்டி நிற்கிறேன். இன்னும் என்ன செய்ய வேண்டும்?

நான் சீனருக்குப் பிறந்த பிள்ளை. அந்தக் காலத்தில் இங்கே அப்படி நிறையப் பெண்பிள்ளைகள் சீன வீடுகளிலிருந்து தமிழ் வீடுகளுக்கு வந்தார்கள். நாங்கள் இருந்த தோட்டத்துக்கே தெரியும். கண்ணாடி பார்க்கிற எனக்குத் தெரியாதா? ஆனால் எங்கள் வீட்டில் அதை யாரும் வாயால் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் என்னைச் சீனத்தி என்று கூப்பிட்டவளின் வீட்டு வாசலில் போய் நின்று அம்மா மண்ணை வாரித் தூற்றினாளாம். அதற்கப்புறம் எவளும் சொன்னதில்லை.

உள்ளே டாக்டர் தியோ. சின்னப் பெண், சீனத்தி, நல்ல மாதிரியாகப் பேசினார். கட்டம் போட்ட ஒரு தாளைக் காட்டினார். கட்டமெல்லாம் தண்ணீரில் கிடப்பதுபோல் ஆடியது. காதில் சத்தம் கேட்கிறதா, மண்டைத்தோல் வலிக்கிறதா என்று அவரே கேட்டார். வொர்க்‌ஷாப்காரனுக்குத் தெரியாதது இவருக்குத் தெரிந்திருக்கிறது.

வோக்ட், கொயனாகி, ஹரடா என்று மூன்று டாக்டர்களின் பெயரைச் சேர்த்து வைத்த நோயாம். மூன்று பேர் கண்டுபிடித்தார்களே, அதில் ஒருத்தராவது வராமல் தடுக்க வழி சொல்லியிருக்கக் கூடாதா? உடம்புக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள் கண்ணிலும் காதிலும் தோலிலும் முடியிலும் இருக்கின்றனவாம். உடம்பைக் காக்க வேண்டிய படையே அவற்றை வெளியாள் என்று நினைத்து அடிக்கிறதாம். கண்ணுக்குள் நீர் கோத்துக்கொண்டு பின்திரை தூக்கி நிற்கிறதாம். அதனால்தான் கோடு நெளிகிறது. உடனே மருந்து ஏற்றினால் பார்வை திரும்பும், ஆனால் மாத்திரையை மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும், நானாக நிறுத்தினால் கண் மட்டுமல்ல உயிருக்கே ஆபத்து என்றார். எப்போது வேன் ஓட்டலாம் என்று கேட்டேன். "முதலில் கண்" என்றார்.

பிறகு இன்னொன்று கேட்டார். சீனர்களிடம் இந்த நோய் எப்படி எப்படிக் காட்டுகிறது என்று அவர் ஓர் ஆராய்ச்சி செய்கிறாராம். "பதிவில் இந்தியர் என்று இருக்கிறது. ஆனால் பிறப்பு…" என்று இழுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள், கூட வந்திருந்த அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "இது என் வயித்துல பொறந்தது! எங்க வம்சத்துல யாருக்கும் கண்ணு கெட்டதில்ல. எங்கப்பாவுக்குச் சாகுற வரைக்கும் ஊசி கோக்கத் தெரியும். எழுதிக்க!" தமிழ் பாதி, மலாய் பாதி.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கண் போகிற நேரத்தில் டாக்டரிடமா பொய் சொல்வது? வரும் வழியெல்லாம் எனக்குக் கொதித்தது.

ஜனவரி 21, தைப்பூசம்

வார்டு. கையில் ஊசி, ஊசியில் மருந்து. இன்று நான் பால்குடம் எடுக்க வேண்டியவள். தூரத்தில் மேளம் கேட்கிறது, அல்லது என் காதுக்குள்தான் கேட்கிறதோ.

ஜனவரி 27

வீடு. கேட்டுக் கம்பி நேராக இருக்கிறது. இவர் நிமிர்த்தியிருப்பார்.

பிப்ரவரி 5, சீனப் புத்தாண்டு

பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது. டைரிக் கோடுகூட ஒழுங்காக இருக்கிறது. அதைச் சொல்ல வரவில்லை.

மாத்திரையால் முகம் ஊதிவிட்டது. கன்னம் இரண்டும் பொங்கி, கண் இடுங்கிக் கீற்றாகிவிட்டது. பாசார்ச் சந்தையில் மீன்காரி, என்னிடம் எத்தனை வருஷமாகத் தமிழில் பேரம் பேசுகிறவள், ஒரு நிமிஷம் என்னை அடையாளம் தெரியாமல் சீனத்தில் விலை சொன்னாள். முன்னே பின்னே தெரியாத ஒரு கிழவர் ஆரஞ்சுப் பழத்தை என் கையில் வைத்து, கோங் சி கோங் சி என்று புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போகிறார். பஸ் ஸ்டாண்டில் இரண்டு தமிழ்ப் பெண்கள், நான் காதில் வாங்கமாட்டேன் என்று நினைத்து, "சீனத்திக்கு என்னடி இவ்ளோ பெரிய பொட்டு" என்கிறார்கள். திரும்பி நின்று, என் அப்பன் முனியாண்டி பேரைச் சொல்லி, அவர்கள் பாட்டன் வரைக்கும் இழுத்துவிட்டேன். வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

ஆரஞ்சை அம்மாவிடம் கொடுக்கவில்லை. வழியில் ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன்.

மாத்திரை வயிற்றை எரிக்கிறது.

பிப்ரவரி 13

மாத்திரை சாப்பிட்டாயா என்று இவர் கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். ராத்திரிக் காவல் வீட்டிலுமா? நான் என்ன கைதியா?

அம்மா என் பேரில் நேர்ந்துகொண்டு செவ்வாய், வெள்ளி பட்டினி கிடக்கிறாள். கிடக்காதே என்றால் கேட்பதில்லை. எனக்காக யார் என்ன செய்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மார்ச் 2

முகம் வடிந்து பழைய முகம் வந்துவிட்டது. கன்ன எலும்பு தெரிகிறது. நெற்றியில் பொட்டு பொருந்தி நிற்கிறது. பார்வையும் நன்றாகவே இருக்கிறது, ஒரு குறையும் இல்லை. டாக்டர்கள் எப்போதும் கூட்டித்தான் சொல்வார்கள்.

ஆனால் வலது கண்ணின் இமைமுடி வெளுத்துவிட்டது. கையில் இரண்டு இடத்தில் வெள்ளைத் திட்டு. இது இந்த நோயில் வருவதுதான் என்று டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். ஊருக்கு யார் சொல்வது? தர்ஷினியின் அம்மா கோகிலா வந்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "தப்பா நினைக்காதீங்கக்கா, பிள்ளைய இனிமே அவங்க அப்பாவே காடியில கொண்டுபோய் விடுறாராம்" என்றாள். என் கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். இப்போது வேனை ஓட்டுகிறவர் இவர், நான் சீட்டில்கூட உட்காருவதில்லை. பிறகு என்ன தொற்றும், ஸ்டீயரிங் வழியாகவா?

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "ஒம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்ப மடியில போட்டுக் கொண்டாந்து விட்டது எந்தக் கைடி?" என்று கேட்டாள். கோகிலா போய்விட்டாள். அம்மா என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள், ஊரே பார்க்கட்டும் என்று கேட்டைத் திறந்து போட்டபடி.

அடுத்த முறை பார்த்துவிட்டு வேன் ஓட்டலாமா என்று சொல்கிறேன் என்றிருக்கிறார் டாக்டர். அப்போது இந்தக் கோகிலாவே வந்து நிற்பாள். ஏற்றமாட்டேன். சரி, பிள்ளைக்காக ஏற்றுவேன்.

மார்ச் 13

வெயில் என்னவோ இந்த வருஷம் அதிகம். ஜன்னலைத் திறந்தாலே கண்ணில் குத்துகிறது.

மார்ச் 14

கேட்டுக் கம்பி மறுபடியும் வளைந்திருக்கிறது.

இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 15

எழுத்து மேலும் கீழும் போகிறது, பரவாயில்லை. இன்றே எழுத வேண்டும்.

மறுபடி பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் தியோ நெடுநேரம் உள்ளே பார்த்தார். நோய் திரும்பிவிட்டது, மறுபடி நீர் கோத்திருக்கிறது, இந்த முறை பார்வை முழுசாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். கம்ப்யூட்டரில் என் கண்ணின் உட்புறத்தைக் காட்டினார். நிறம் போய் ஆரஞ்சாகிவிட்டது. அந்திவானம் என்று இதற்குப் பெயராம். என் கண் அவிந்துபோவது இவர்களுக்கு அந்திவானமாக இருக்கிறது! "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். சாப்பிடுகிறேன் என்றேன். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லி, திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். நான் ஸ்கேன் எடுக்கப் போய்விட்டதாக அம்மா நினைத்திருக்க வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. தமிழ் நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தியைக் கூட வைத்துக்கொண்டு டாக்டரிடம் பேசினாள்.

"இந்தாம்மா மிஸ்ஸி, இந்த டாக்டர்கிட்ட நல்லா வெளங்கச் சொல்லு. நான் அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். அது என் வயித்துல பொறந்ததில்ல. சீனப்பிள்ளைதான். ஈயம் தோண்டுற லம்பத்துல வேலை செஞ்சவங்க பிள்ளை. துணியில சுத்திக் குடுத்தாங்க, நான் வாங்கிக்கிட்டேன். நான் பெக்கல. இது வரைக்கும் யார்கிட்டயும் இதச் சொன்னதில்ல. நான் தமிழ்ப்பிள்ளைன்னு சொன்னதால நீங்க தமிழ் ஆளுக்குக் குடுக்கிற மருந்தக் குடுத்துட்டீங்க. அதான் கேக்கல. என் வாயாலதான் அதுக்குக் கண்ணு போகுது. சீனவங்களுக்குக் குடுக்கிற மருந்தக் குடுங்க. அட்டையில பேர மாத்தணும்னாலும் மாத்திக்கங்க. எம் பிள்ளை இல்லன்னு எழுதணும்னாலும் எழுதிக்கங்க, நான் கைநாட்டு வைக்கிறேன்."

மிஸ்ஸி பாதியிலேயே நிறுத்திவிட்டாள். அவளால் மொழிபெயர்க்க முடியவில்லை போலிருக்கிறது.

"மருந்து எல்லாருக்கும் ஒன்றுதான்" என்று டாக்டர் மலாயில் மெதுவாகச் சொன்னார். "ஆராய்ச்சிக்குத்தான் கேட்டேன். சிகிச்சைக்கு அது தேவையே இல்லை. உங்களால் எதுவும் கெடவில்லை." அம்மா நம்பவில்லை. "இல்ல, இல்ல, என்னாலதான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் திரைச்சீலையை இழுத்த இழுப்பில் வளையங்கள் தெறித்து விழுந்தன. "வாய மூடும்மா!" என்று கத்தினேன். எங்கே நிற்கிறாள் என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை, வெள்ளையாக ஏதோ அசைந்தது, அதைப் பார்த்துக் கத்தினேன். "ஒருத்தர்கிட்டயும் சொல்லாதத இவங்ககிட்ட எதுக்குச் சொல்ற? உன்னால ஒண்ணும் கெடல. மாத்திரைய நான்தான் நிறுத்துனேன். டப்பாவோட அரிசிப் பானைக்குள்ள கிடக்குது. போய்ப் பாரு!"

டாக்டர் என்னைத் திட்டினார். நன்றாகத் திட்டினார், செத்துப்போயிருப்பாய் தெரியுமா என்று. திட்டட்டும், அந்தத் திட்டு எனக்கு வேண்டியிருந்தது. ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார். வயிறு எரிந்தது என்றேன். இங்கேயும் அதையே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 18

வார்டு. பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

மருந்து ஏறுகிறது. முகம் மறுபடி ஊதும் என்று மிஸ்ஸி எச்சரித்தாள். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துப் பாலில் நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்காமலே பேசினாள்.

"வயிறு எரிஞ்சுதுன்னு ஊருக்குச் சொல்லு. எங்கிட்ட சொல்லாத."

நான் ரொட்டியை மென்றேன்.

"மூஞ்சி உப்பினா என்னடி? துணிய வெலக்கி ஒன்ன மொதமொதல்ல பாத்தப்ப இதே மூஞ்சிதான். இப்படித்தான் உப்பிக் கெடந்துச்சு, கண்ணே தெரியல. அதப் பாத்துத்தான நான் கை நீட்டினேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த துண்டு ரொட்டியை வாயில் திணித்துவிட்டாள். அழுகிறாயா என்று கேட்டாள். கண்ணில் மருந்து விட்டிருக்கிறார்கள் என்றேன்.

இந்தக் கிழவி மேல் எனக்குத் தீராத கோபம். இத்தனை வருஷம் இதை எங்கே வைத்திருந்தாள்?

ஆகஸ்ட் 19, திங்கள்

மாத்திரை இன்னும் ஓடுகிறது. அளவைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். இவர் தினமும் என் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறார், விழுங்கினேனா என்று. எனக்கும் இவருக்கும் தினம் இதில் ஒரு சண்டை.

இடது கண் நன்றாகத் தேறிவிட்டது. வலது கண்ணில் நடுவில் கொஞ்சம் மங்கல் நிற்கிறது, அது இனிப் போகாதாம். சொந்தக் காடி ஓட்டலாம், பகலில் மட்டும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டக் கூடாது. டாக்டர் இதைச் சொன்னபோது மேஜையைக் குத்தினேன். நான் நிறுத்திய அந்த மாத்திரைகளுக்கு விலை இது, வேறு யாரையும் திட்டுவதற்கில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேன் இவர் பேரில் ஓடும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளை ஏற்றி இறக்குவேன். கோகிலா தர்ஷினியை மறுபடி எங்கள் வேனுக்கே அனுப்பத் தொடங்கிவிட்டாள். அந்தப் பிள்ளை என் வெள்ளை இமையைத் தொட்டுப் பார்த்து, "ஆன்ட்டி, எனக்கும் இதே மாதிரி வேணும்" என்கிறது. அதன் அம்மாவுக்கு இந்தப் புத்தி ஏன் இல்லை?

டாக்டர் தியோவின் ஆராய்ச்சித் தாளில் கையெழுத்துப் போட்டேன். சீன நோயாளி என்றுதான் போட்டிருக்கிறார். போடட்டும், நோய்க்கு அது பொருந்தும். இன்னொரு பெண்ணுக்குச் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவுமானால் உதவட்டும்.

கிளம்பும்போது புதிதாக வந்த மிஸ்ஸி ஒருத்தி கார்டில் எழுத உட்கார்ந்தாள். என் உப்பின முகத்தைப் பார்த்தாள், கறுத்த அம்மாவைப் பார்த்தாள். "கூட வந்திருக்கிற இவங்க உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டாள்.

அம்மா எழுந்து நிற்கவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். எதைச் சொன்னால் எனக்குக் கண் நிற்கும் என்று தெரியாத ஒரு பார்வை. எண்பது வயதில் அவளை அப்படிப் பார்க்க வைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

"இது என்ன கேள்வி?" என்று மிஸ்ஸி மேல் பாய்ந்தேன். "எங்கம்மா. நான் இவங்க வயித்துல பொறந்தவ. எழுதிக்க!"

வரும் வழியில் ஹமீது பாய் கடையில் நிறுத்தச் சொல்லி அடுத்த வருஷத்துக்கு டைரி கேட்டேன். இன்னும் வரவில்லையாம், கோடு போட்ட நோட்டு இருக்கிறது என்றார். விரித்து, இடது கண்ணால் நன்றாகப் பார்த்து வாங்கினேன். கோடு நேராகத்தான் இருந்தது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.